அரங்கேறாக் கதைகளும் அஞ்சல்வழிப் பாராட்டும்

தமிழில் ஒரு நூல் உலகுக்கு வருமுன் கடக்க வேண்டிய வாயில் ஒன்று பண்டு இருந்தது. அரங்கேற்றம் என்பது அதன் பெயர். நூல் செய்தவர் அவையின் முன் அமர்ந்து தம் நூலைப் படிப்பார். கற்றறிந்தோர் தடை எழுப்புவர். அவர் விடை கூறுவார். விடை நிரம்பிய பின்னரே நூல் ஏற்கப்படும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியது என்பதும், அதனைக் கேட்ட அதங்கோட்டாசான் குற்றம் காணும் நோக்கோடு வினாக்களை அடுக்கினார் என்பதும், அந்நூலுக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்பதும் உரையாசிரியர் வழி நமக்கு வந்துள்ள செய்திகள். வரலாற்றாசிரியர் இவற்றை எவ்வாறு மதிப்பிட்டாலும் ஆகுக. இவற்றைப் போற்றி வைத்த மரபின் உள்ளக்கிடக்கை தெளிவானது. வினவுவோரும் வாழ்த்துவோரும் ஒரே அவையில் இருத்தல் வேண்டும். வினாவைக் கடந்து வந்த நூலுக்கே வாழ்த்து உரியது.

19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தலபுராணங்கள் பாடிய காலத்திலும் அரங்கேற்றம் ஊர் கூடி நடத்தும் விழாவாக இருந்தது. அச்சு பரவிய பின் அந்த அவை மெல்ல மறைந்தது. நண்பரும் மாணவரும் பாடித் தரும் சாற்றுக்கவி மட்டும் நூலின் முகப்பில் எஞ்சியது. பிறகு சாற்றுக்கவியும் போயிற்று. அதன் வழித்தோன்றலாக இன்று நம்மிடம் இருப்பது, எழுதும் நண்பருக்கு நாம் அனுப்பும் ஒற்றை வரி: ‘படித்தேன், மிக அருமை, தொடர்ந்து எழுதுக.’ முன்பு அதனை அஞ்சலட்டையில் எழுதினோம். இன்று வாட்ஸ்அப்பில் கூப்பிய கைகளின் படத்தோடு அனுப்புகிறோம்.

அந்த ஒற்றை வரிக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நண்பர் ஒருவரின் அச்சேறாத கதையைக் கடிதத்தில் பெற்றுப் படித்து, கடிதத்திலேயே பாராட்டி, அத்துடன் கடமை முடிந்ததாக அமைந்துவிடுதல் நட்பன்று. நட்பின் பெயரால் ஒரு படைப்பைக் கைவிடுதலே ஆகும் என்பது என் துணிபு. இக்குற்றம் புரிந்தோர் நம்மிடையே பலர். அந்நிரலில் முதலில் நிற்கத் தக்கவன் நான். ஆதலின் என் வழக்கையே முதலில் உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒரு நாவலின் வரலாறு

நானும் அந்நண்பரும் திருநெல்வேலியில் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் பயின்றோம். வேலை தேடி இருவரும் வடக்கே வந்தோம். எனக்கு நாகபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணி. அவருக்குக் கரக்பூர் இரயில்வே தொழிற்கூடத்தில் பணி. இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பழைய வங்காள நாகபுரி இரயில்வே இட்ட பாதையே எங்கள் கடிதங்களைச் சுமந்தது.

1974ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நாடெங்கும் இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததை முதியோர் நினைவுகூர்வர். அந்த இருபது நாள்களில் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதாமல் இருக்க இயலாது என்று நண்பர் எனக்கு எழுதினார். அவ்வாண்டு இறுதியில் பதிவு அஞ்சலில் ஒரு கட்டு வந்தது. நாவலின் முதல் இயல். பின்னர் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ இயல்களாக, 1983 வரை, இருபத்து நான்கு இயல்கள் வந்தன. நாவலுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. கடிதங்களில் ‘இது’ என்றே குறிப்பிடுவார். ஊற்றுப்பேனாவால் மட்டுமே எழுதும் வழக்கம் அவருக்கு. கார்பன் தாள் வைத்துப் படியெடுக்க ஊற்றுப்பேனா உதவாது. ஆகவே இருந்தது ஒரே படி. ‘படித்ததும் திருப்பி அனுப்பிவிடு’ என்பது ஒவ்வோர் இயலோடும் வரும் வேண்டுகோள்.

கதை, 1940களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கரக்பூர் வந்து சேரும் ஃபிட்டர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றியது. மூன்றாம் இயலில் ஒரு காட்சி. மதராஸ் மெயில் வந்து நிற்கும் வேளையில் அந்தக் குடும்பத்தின் தாய் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடைமேடைக்குச் செல்வாள். அவளுக்கு வண்டியில் வருவோர் எவரும் இல்லை. வழியனுப்பவும் எவரும் இல்லை. சன்னல் சன்னலாக நின்று ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்பாள். உள்ளிருந்து யாரேனும் ‘குடுங்கம்மா’ என்பர். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் வந்தாள் என்பதை உடன் வந்த நடுமகன் உணர்வான். ஒருநாள் சன்னலோரம் இருந்த பெண்ணொருத்தி, ‘உங்களுக்கு எந்த ஊரும்மா?’ என்று கேட்கின்றாள். விடை சொல்லுமுன் வண்டி நகர்ந்துவிடுகின்றது. தாய் வீடு திரும்பி, அந்த வினாவுக்கு உரிய விடையை அன்றிரவு முழுவதும் தன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றாள்: ஊரின் பெயர், குளத்தின் பெயர், கோயில், தெரு, தெருவின் மூன்றாம் வீடு, அவ்வீட்டில் இருந்தோர் பெயர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உறங்கிய பின்னும் சொல்கின்றாள்.

வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைப் பற்றி இதற்கு நிகரான பக்கங்களை நான் அதற்குப் பின் படித்ததில்லை. அன்று நான் அவருக்கு எழுதியது என்ன? ‘மூன்றாம் இயல் மிக அருமை. கண்ணீர் வந்தது. தொடர்ந்து எழுது.’ இவ்வளவே. எந்த இடத்தில் கண்ணீர் வந்தது, எதனால் வந்தது என்று ஒரு வரி சேர்க்கவில்லை.

இப்போது குற்றத்தின் நடுப்பகுதிக்கு வருகின்றேன். பதினான்காம் இயலில் கதை வேலைநிறுத்தத்தை நோக்கித் திரும்புகின்றது. கூட்டங்கள், கைதுகள், குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் ஆணைகள், பணிக்குத் திரும்பியவர்க்கும் திரும்பாதவர்க்கும் இடையே வளரும் பகை, எல்லாம் வலிமையாகவே வருகின்றன. ஆனால் அந்தத் தாய் மறைந்துவிடுகின்றாள். இறந்தாள் என்று இல்லை. ஊருக்குப் போனாள் என்று இல்லை. கதை அவளை மறந்துவிடுகின்றது. இருபது நாள் வண்டிகள் ஓடாத நிலையில் அந்தப் பெண் நடைமேடையில் எதைக் கேட்டிருப்பாள்? இந்த வினா படிக்கும்போதே எனக்குத் தோன்றியது. நான் அதை எழுதவில்லை. இவ்வளவு உழைப்பவரிடம் குறை கூறுவதா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

1981இல் அவரே எழுதினார்: ‘பாதிக்குப் பிறகு ஏதோ ஒன்று இல்லாமல் போய்விட்டது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குத் தெரிகிறதா?’ எனக்குத் தெரியும். நான் எழுதிய விடை: ‘குறை ஒன்றும் இல்லை. வீணாக மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே.’

நாவல் முடிந்த பின் அவர் அதனை ஓர் இதழுக்கு அனுப்பினார். அச்சிட்ட சிறு சீட்டுடன் திரும்பியது. பதிப்பாளர் ஒருவர் அச்சுச் செலவை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்றார். மகள் திருமணத்தை முன்னிட்டுச் சேமித்துவந்த குடும்பம் அது. கட்டைப் பெட்டியில் வைத்தார். கடிதங்கள் குறைந்தன. 1998இல் அவர் காலமானார் என்ற செய்தி ஈராண்டு கழித்தே எனக்கு எட்டியது. நான் விசாரித்தபோது அவர் மகன் வேற்றூரில் இருந்தார், மரியாதையோடு பேசினார். வீடு மாறியபோது பழைய தாள்கள் அனைத்தும் எடைக்குப் போடப்பட்டுவிட்டன என்றார். அவர் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்தத் தாள்களில் இருப்பது தந்தையின் அலுவலகக் கணக்கா கதையா என்று அவர் அறிய வழி இல்லை. அவரைக் குறை கூற எனக்கு உரிமையும் இல்லை.

என் பெட்டியில் எஞ்சியவை அவருடைய அறுபத்து மூன்று கடிதங்களும் நாவலின் பதினோர் இயல்களும். முதல் பதின்மூன்றையும் ஒழுங்காகப் பாராட்டித் திருப்பி அனுப்பினேன்; அவை எடைக்குப் போயின. பிற்பகுதியைப் படித்துவிட்டுச் சோம்பலால் திருப்பாமல் வைத்துக்கொண்டேன், அவை பிழைத்தன. பதினான்கு முதல் இருபத்து நான்கு வரை. அதாவது, அந்தத் தாய் இல்லாத பாதி மட்டுமே இன்று உலகில் இருக்கின்றது. செம்பும் தண்ணீரும் சன்னலும் என் நினைவில் மட்டும் உள்ளன. என் வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது.

நாம் சொல்லும் சமாதானங்கள்

இவ்வழக்கைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு ஆறுதல் கூறுகின்றனர். அந்த ஆறுதல்களே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டின. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘நண்பனின் கண்ணுக்குக் குறை தெரியாது, அது அன்பின் இயல்பு’ என்பது முதலாவது. இது உண்மையன்று. எனக்குக் குறை தெரிந்தது. எழுதியவரின் பேச்சையும் மௌனத்தையும் அறிந்த நண்பனுக்கு, முன்பின் அறியாத திறனாய்வாளரைக் காட்டிலும் விரைவில் தெரியும். நாம் குறையைக் காணாமல் இருப்பதில்லை, கண்டதை மறைக்கின்றோம். மறைத்ததற்கு அன்பு என்று பெயர் சூட்டுகின்றோம். வள்ளுவர் நட்பதிகாரத்தில், நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கன்று, நெறி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கே என்று வரையறுத்துவிட்டார். பள்ளியில் அதனை மனப்பாடம் செய்த நாம், நண்பர் கதை எழுதத் தொடங்கியதும் அதற்கு மட்டும் விலக்கு உண்டென்று கருதுகின்றோம்.

‘குறை கூறினால் எழுதுபவர் மனம் ஒடிந்துவிடும்’ என்பது இரண்டாவது. மனம் ஒடியும்படி கூறுவோரும் உளர், மறுக்கவில்லை. ஆயின் என் நண்பரின் மனத்தை ஒடித்தது எது? அவர் உள்ளத்தில் உறுத்திய வினாவுக்கு அவர் நம்பிய ஒரே வாசகனிடமிருந்து விடை வராததே அன்றோ? ‘குறை ஒன்றும் இல்லை’ என்று கேட்டவர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்தாக வேண்டும்: தம் உள்ளுணர்வு பிழை, அல்லது தம் நண்பன் ஊன்றிப் படிக்கவில்லை. இரண்டும் எழுதுகோலைக் கீழே வைக்கச் செய்வன.

பாராட்டே கூடாது என்பது என் கருத்தன்று. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) வாழ்நாளெல்லாம் பாராட்டியே கழித்தவர். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் நூலாகப் படிக்கப்படுகின்றன. ஏன்? அவர் ‘அருமை’ என்று சொல்லி நிறுத்தியவரல்லர். எந்தச் சொல், எந்த இடத்தில், எந்த உணர்ச்சியால் அருமை என்று எடுத்துக் காட்டியவர். காரணம் காட்டும் பாராட்டு எழுதுபவர் கையில் ஒரு விளக்கைக் கொடுக்கின்றது. ‘அம்மா சன்னலோரம் நிற்பதே உன் நாவலின் உயிர்’ என்று மூன்றாம் இயலுக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால், பதினான்காம் இயலில் என்ன காணாமற்போயிற்று என்று என்னைக் கேட்கும் தேவையே அவருக்கு நேர்ந்திராது. காரணமற்ற பாராட்டு என்பதே குற்றம்.

‘நல்ல படைப்பாயின் எப்படியும் தானே வெளிவந்துவிடும்’ என்பது மூன்றாவது. இதைப் போன்ற மூடநம்பிக்கை வேறில்லை. சீவகசிந்தாமணி 1887இல் தானே அச்சேறியதா? உ.வே. சாமிநாதையர் என்ற ஒருவர் ஏடு தேடி அலைந்து, பாடம் ஒப்பிட்டு, பொருளும் திரட்டி, அச்சுக்கூடத்தில் காத்துக் கிடந்ததனால் அச்சேறியது. அவர் சென்று சேருமுன் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்த ஏடுகளில் இருந்தவை நல்லவை அல்ல என்று யார் சொல்லத் துணிவர்?

அயல்நாட்டுச் சான்று வேண்டுவோர்க்கு இரண்டு கூறுவேன். காஃப்கா 1924இல் இறந்தபோது அவருடைய மூன்று நாவல்களில் ஒன்றும் நூலாகியிருக்கவில்லை. தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடுமாறு நண்பர் மாக்ஸ் பிராடுக்கு அவர் எழுதிவைத்திருந்தார். பிராட் அதனைச் செய்யவில்லை. 1925, 1926, 1927 ஆகிய மூன்றாண்டுகளில் மூன்றையும் வெளியிட்டார். 1939இல் நாஜிப் படை பிராக் நகருள் நுழையும் தறுவாயில் அவர் தம்மோடு எடுத்துச் சென்ற பெட்டியில் இருந்தவை நண்பரின் தாள்கள். இத்தாலியில் லாம்பதூசா எழுதிய ஒரே நாவல் இரண்டு பதிப்பகங்களால் மறுக்கப்பட்டது. 1957இல் அவர் இறந்த பின், ஜார்ஜியோ பஸ்ஸானி என்ற எழுத்தாளர் கைக்கு அது வந்து சேர்ந்ததனால் 1958இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் பெரும் பரிசைப் பெற்றது. இவ்விரண்டிலும் படைப்பு தானே நடந்து வரவில்லை. ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார்.

நம் மொழியிலும் அவ்வாறே. தம் ‘சுதந்திர தாகம்’ நாவலை சி.சு. செல்லப்பா 1997இல், தமது எண்பத்தைந்தாம் வயதில், மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 2001இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. ‘எழுத்து’ இதழை நடத்தியவருக்கே இந்நிலை எனில், கரக்பூர்க் குடியிருப்பில் இருந்தவர்க்கு எந்த நிலை என்று எண்ணிப் பாருங்கள். மறுபுறம், இடைசெவல் என்னும் ஒரே ஊரில், 1923ஆம் ஆண்டு என்னும் ஒரே ஆண்டில் பிறந்த இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. போற்றி வைத்திருந்ததனால் அவை நூலாகி நமக்குக் கிடைத்தன. வைத்திருத்தல் என்பதும் ஓர் இலக்கியப் பணியே.

‘இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாமே, ஐம்பது படி, நூறு படி என்று தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாமே’ என்பது நான்காவது. உண்மை. அச்சு எளிதாகிவிட்டது. என் நண்பர் இன்று இருந்திருந்தால் மகள் திருமணப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. எனினும் அச்சு எளிதானதால் வாசகர் எளிதாகக் கிடைத்துவிட்டனரா? என் மேசை மேல் நண்பர்கள் அன்பளித்த நூல்கள் பல உள்ளன. அவற்றுள் சில, ஒருவரேனும் முன்னரே ஊன்றிப் படித்து ‘அந்தத் தாய் எங்கே போனாள்?’ என்று கேட்டிருந்தால் நல்ல நூல்களாகியிருக்கும். முன்பு வினவப்படாமல் பெட்டியில் கிடந்தவை இன்று வினவப்படாமல் அட்டையுடன் கிடக்கின்றன. அச்சு இயந்திரம் அவையாகாது.

நம் நிலை வேறு

தாய்நாட்டில் இருக்கும் எழுத்தாளருக்கும் இத்தொல்லை உண்டென்பர். உண்டு. ஆயினும் அங்கே தேநீர்க் கடையில் ஒருவர், நூலகத்தில் ஒருவர், இதழ் அலுவலக மாடிப்படியில் ஒருவர் என எவரேனும் எதிர்ப்படுவர், வாக்குவாதம் நிகழும். வெளிமாநிலத்தில் எழுதும் தமிழருக்கு வாக்குவாதம் கிடைப்பதில்லை. பகலெல்லாம் பிறமொழியில் பணி. மாலையில் வீட்டில் தமிழ். மனைவிக்கு ஓய்வில்லை. மக்கள் தமிழ் பேசுவர், பலர் படிப்பதில்லை. ஆகவே எங்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடிதம் எழுதும் ஒரு நண்பன்தான் அவருக்கு அதங்கோட்டாசான், பனம்பாரனார், பாண்டியன் அவை எல்லாம். அந்த ஒருவனும் கடமையைச் செய்யவில்லையெனில் அவருக்கு அவையே இல்லை.

மற்றொன்று காலம். தமிழகத்தில் கையெழுத்துப் படிக்குக் கறையான் பகை. அது வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆகலாம். இங்கோ பகை வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்கின்றது. ஒரு தலைமுறை போதும். தந்தை எழுதியதை மகன் படிக்க இயலாது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், வீட்டைத் துப்புரவு செய்யும் நல்லெண்ணத்தோடே, அது எடைக்குப் போய்விடும்.

வெளியிலிருந்து எழுதிப் பெயர் பெற்றோர் இலர் என்று நான் கூறவில்லை. தில்லியில் இருந்து எழுதிய ஆதவனையும் இந்திரா பார்த்தசாரதியையும் அறியாத தமிழ் வாசகர் இல்லை. திருவனந்தபுரத்தில் இருந்து நகுலனும் ஆ. மாதவனும் எழுதினர். அவர்களைச் சுட்டி ‘நம்மவர் எழுதவில்லையா?’ என்று நாம் பெருமை பேசுகின்றோம். கரையேறியோரை எண்ணிப் பெருமை கொள்வோர், கரையேறாதோரை எண்ணிப் பார்க்கும் கடமையும் உடையர்.

இக்கடமையில் நம் சங்கங்கள் எவ்வாறு ஒழுகின? நேர்மையாகச் சொல்லிவிடுவோம். பொங்கல் விழா எடுக்கின்றோம், பட்டிமன்றம் நடத்துகின்றோம், சென்னையிலிருந்து பேச்சாளரை வரவழைத்து மாலையும் பொன்னாடையும் அணிவிக்கின்றோம். அவை வேண்டாம் என்பதில்லை. அவற்றால்தான் பிள்ளைகள் காதில் தமிழ் விழுகின்றது. மலருக்கு விளம்பரம் சேர்க்கின்றோம். விளம்பரம் இல்லையேல் தாளுக்கும் அச்சுக்கும் பணம் ஏது? ஆயினும் முதல் வரிசையில் அமர்ந்து பேச்சாளருக்குக் கை தட்டிய அந்த மெலிந்த மனிதர், இருபது ஆண்டுகளாக ஒரு நாவலை எழுதி வைத்திருக்கின்றார் என்பது அவருக்கு அருகில் அமர்ந்திருந்த நமக்குத் தெரியாது. தெரிந்தவனும் ‘மிக அருமை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

செய்யத்தக்கவை

குற்றம் சாட்டிவிட்டு வாளாவிருத்தல் முறையன்று. நான்கு செயல்களை முன்வைக்கின்றேன். எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு நாளேனும் சங்கத்தில் அச்சேறாத கதைகளின் அரங்கேற்றம் நடைபெறுதல் வேண்டும். எழுதியவர் ஓர் இயலைப் படிக்கட்டும். முன்னரே முழுப்படியையும் படித்த ஒருவர் தடை எழுப்பட்டும். மற்றொருவர் சிறப்பைக் காரணத்தோடு எடுத்துரைக்கட்டும். பொன்னாடை வேண்டாம்.

இரண்டாவது, எந்தக் கையெழுத்துப் படியும் ஒற்றைப் படியாக இருத்தலாகாது. கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கும் வசதி இன்று வீடுதோறும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் இதனைச் செய்யலாம். செய்யும்போது ‘இது என்ன தாத்தா?’ என்று கேட்கவும் கூடும்.

மூன்றாவது, சங்க நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் இதற்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். எழுதியவர் பெயர், ஊர், எழுதிய ஆண்டு, பக்க எண்ணிக்கை, படித்தவர் குறிப்பு ஆகியவை அதில் ஏறட்டும். எழுதியவர் தம் படைப்பை வெளியிட விரும்புகின்றாரா என்பதையும் அவர் உள்ளபோதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிராட் எதிர்கொண்ட இக்கட்டு நமக்கு நேர வேண்டியதில்லை.

நான்காவது, நம் மலரில் ஆண்டுதோறும் இருபது பக்கங்கள் உறுப்பினரின் அச்சேறாத கதைப்பகுதிக்கு ஒதுக்கப்படட்டும். பிறவூர்ச் சங்கங்களின் மலர்களோடு அவற்றைப் பரிமாறிக்கொள்வோம். ஓர் ஊரில் எழுதப்பட்டது மற்றோர் ஊரில் வினவப்படட்டும்.

இவை கூடும்வரை, கடிதம் எழுதும் நண்பர்களே, உங்கள் கையில் உள்ள ஒன்றை இன்றே செய்யலாம். உங்களுக்குக் கதை அனுப்பியவருக்கு ‘மிக அருமை’ என்பதன் கீழ் இரண்டு வரிகள் சேர்த்து எழுதுங்கள். எது, ஏன் அருமை என்பது ஒரு வரி. எந்த இடத்தில் உங்கள் மனம் நின்றுவிட்டது என்பது மற்றொன்று.

என் பங்கை நான் தொடங்கிவிட்டேன். எஞ்சிய பதினோர் இயல்களையும் அறுபத்து மூன்று கடிதங்களையும், நண்பரின் மகனுடைய இசைவு பெற்று, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை நம் சங்க நூலகத்தில் ஒப்படைத்துள்ளேன். முதல் பதின்மூன்று இயல்களில் நினைவில் உள்ளவற்றை என் சொற்களில் எழுதி உடன் வைத்துள்ளேன். அவை அவர் சொற்கள் அல்ல என்று தலைப்பிலேயே குறித்துள்ளேன். 1981இல் அவர் கேட்ட வினாவுக்கு உரிய விடையையும் எழுதி, அக்கடிதத்தோடு சேர்த்துத் தைத்துள்ளேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1974க்கும் 1983க்கும் இடையில் கரக்பூரிலிருந்து, நீலமையில் ஊற்றுப்பேனாவால் எழுதப்பட்ட ஒரு நாவலின் இயல்களைப் பதிவு அஞ்சலில் பெற்றவர் என்னையன்றி வேறு எவரேனும் இருக்கலாம். அவரும் என்னைப் போல் சோம்பலுடையவராக இருந்து திருப்பி அனுப்பாமல் விட்டிருக்கலாம். உங்கள் வீட்டு முதியவர்களின் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மதராஸ் மெயில் நிற்கும் நடைமேடையில் ஒரு பெண் செம்போடு நிற்கும் பக்கம் கண்ணில் பட்டால், அருள்கூர்ந்து சங்க நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.